‘ம்’ சொல்ல ஓர் ஆள்

பதினொரு மணி ஆனதும் அமலோற்பவத்துக்குத் தொண்டை தானாக வறண்டது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. லிங்கிச் செட்டித் தெருவில் பதினான்கு வருஷம் பதினொரு மணி டீ குடித்த தொண்டை அது. கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்து, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்ற சேதி உடம்பில் மற்ற எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, தொண்டைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுந்து போய் அடுக்களையில் போட்டுக் குடிக்கலாம்தான். பால் இருக்கிறது, தூள் இருக்கிறது, இஞ்சிகூட இருக்கிறது. ஆனால் தானே போட்டுத் தானே குடிக்கிற டீயில் எப்போதும் ஏதோ ஒன்று குறைகிறது, அது சர்க்கரை இல்லை. அங்கே டீ வருவதற்கு முன்னால் டீயின் சத்தம் வரும். கம்பி வளையத்துக்குள் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வரும். அது மேலே வந்து சேருவதற்குள் இந்தப் பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று ஒரு பரபரப்பு, முடிக்க முடியாது, ஹனீஃபா வந்து நின்று “மேடம், உங்களுது சக்கர கம்மி” என்பார், தினமும் சொல்வார், தினமும் சர்க்கரை தூக்கலாகத்தான் இருக்கும். அதைக்கூட ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாமென்றால் ஹனீஃபா எங்கே, அந்தப் படிக்கட்டு எங்கே. கூடுவாஞ்சேரியில் மகன் படித்த மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மகன் ஓசூரில் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, அவன் ஒட்டிவைத்த கிரிக்கெட்காரர்கள் மட்டும் பீரோவில் இன்னும் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதற்கு மேலே வானம். சத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை. இந்த அமைதியில் மனுஷி எப்படி வேலை பார்ப்பது?

பன்னிரண்டரைக்கு ஜெயக்குமரன் கூப்பிடுவான். கூப்பிடுவார். மேனேஜர் என்றாலும் மகனைவிடப் பத்து வயசுதான் பெரியவன், மனசுக்குள் ‘ர்’ வருவதில்லை, வாயில் வந்துவிடுகிறது, அதுவரைக்கும் சரி. நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டான், “நல்லா யோசிங்க மேடம். தனியா முடியுமா முடியாதா, அது மட்டும் சொல்லுங்க. முடியாதுன்னா இந்தச் செக்கிங் வேலையையே வெளியில குடுத்துடலாம்னு மேல பேச்சு இருக்கு.” மிரட்டவில்லை, அவனுக்கு மிரட்டத் தெரியாது. நடக்கப் போவதைச் சொன்னான். முடியாது என்றால் இந்த மேஜையும் இந்த லேப்டாப்பும் இந்தப் பதினான்கு வருஷமும் அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயசில் வேறு யார் கூப்பிட்டு வேலை தரப் போகிறார்கள். காலையில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம்கூடச் சொன்னார், “முடியும்னு சொல்லிட்டுப் போயேன், யாரு வந்து பாக்கப் போறா.” முடியும் என்று சொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவள்தானே. அங்கேதான் போய்த் தடுக்குகிறது. எந்தப் பக்கமாக யோசிக்கத் தொடங்கினாலும் நாலு எட்டு வைப்பதற்குள் அந்த இரண்டு வார்த்தையில் கால் இடறுகிறது, முடியும் சார், முடியும் சார். வேண்டாம், இப்போது அது வேண்டாம். இன்றைய லிஸ்ட் இருக்கிறது, முப்பத்தெட்டு கன்டெய்னர், இரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். வாசிக்கலாம்.

வாசித்தாள். “ரெண்டு ஏழு நாலு, ஒண்ணு ஒண்ணு ஆறு, அஞ்சு.” நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் ஒன்றும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, இவளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கப்பலில் ஏறுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் கதவில் ஒரு எண், பூட்டின சீலில் ஒரு எண். இரண்டும் ஏற்றுமதிக்காரர் கொடுத்த பட்டியலிலும் இவர்கள் அடித்த காகிதத்திலும் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி போய் இறங்குகிற ஊரில் அதைத் திறக்க விடமாட்டார்கள். அதனால் ஒருத்தர் பட்டியலை வாய்விட்டு வாசிக்க, இன்னொருத்தர் காகிதத்தில் பார்த்து டிக் போட வேண்டும். அமலோற்பவம் வாசிப்பாள், எதிரில் சாரங்கபாணி சார் பச்சைப் பென்சிலால் டிக் போடுவார். டிக் போட்டதற்கு அடையாளமாக “ம்” என்பார். அந்த ‘ம்’ வந்தால்தான் அடுத்த வரி. ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு ‘ம்’. அலுவலகம் போன பிறகும் ஒரு வருஷம் போனில் அதே ‘ம்’ வந்துகொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு எண்ணை மாற்றி வாசித்துவிட்டாள், அவர் தப்பு என்று சொல்லவில்லை, சும்மா இருந்தார். ஏன் சும்மா இருக்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தால் பென்சிலைக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு ஜன்னலில் புறாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்ப வாசித்தாள், இந்தத் தடவை சரியாக. “ம்” என்றார். அன்றைக்குப் புரிந்தது, பதினான்கு வருஷத்துக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. சார் பேசாமல் இருந்தால் திரும்ப வாசிக்க வேண்டும். ஒருத்தரைப் பார்த்து நீ சொன்னது தப்பு என்று சொல்ல அந்த மனுஷருக்கு வாய் வராது. அதற்காகவே ஏதோ ஒரு பிறவியில் தவம் இருந்து இந்த வேலையை வாங்கிக்கொண்டு வந்த மாதிரி இருப்பார்.

‘ம்’ சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. ஞானப்பிரகாசம் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார், ‘ம்’ சொல்வதில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம். அரிசி தீர்ந்துபோச்சு என்றாலும் ‘ம்’, தம்பி போன் பண்ணான் என்றாலும் ‘ம்’, வீட்டுக்குள்ள பாம்பு வந்திருக்கு என்று ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள், அதற்கும் ‘ம்’தான். நல்ல மனுஷர். ஆனால் அந்த ‘ம்’மில் ஆள் இருக்காது. சாரங்கபாணி சாருடைய ‘ம்’மில் ஒரு ஆள் முழுசாக உட்கார்ந்திருப்பார். மழைக்காலத்தில் சளிபிடித்த ‘ம்’, மகளுக்கு வரன் அமைந்த வாரத்தில் கொஞ்சம் மேலே ஏறுகிற ‘ம்’, அவர் அம்மா போய்ப் பதினைந்து நாள் கழித்து வந்து உட்கார்ந்தபோது தொண்டைக்குள்ளேயே தங்கிப்போன ‘ம்’. துக்கம் விசாரிக்க வேண்டுமே என்று அன்றைக்குக் காலையிலிருந்து வார்த்தை தேடி வைத்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் மெதுவாக வாசித்தாள், அவ்வளவுதான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தாள். சாயங்காலம் கிளம்பும்போது அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, “வரேன் மேடம்” என்றார். அதற்குமுன் ஒரு நாளும் சொல்லிக்கொண்டு போனதில்லை. இவ்வளவுக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் சொந்தப் பேச்சு என்று கூட்டிப் பார்த்தால் பதினான்கு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் வராது.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. ஞானப்பிரகாசம் டீயோடு வந்து மேஜையோரத்தில் வைத்தார். கேட்காமல் கொண்டுவந்திருக்கிறார். முகம் அப்படியா இருந்தது? “குடி, ஆறிப்போயிடும்” என்றார். “சர்க்கர கம்மியா போட்டீங்களா?” “ம்.” ஒரு வாய் குடித்தாள். பாயசம். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. வெறும் சர்க்கரைக்கா கண் கரிக்கும்? அவர் முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார், மதுராந்தகத்தில் இருக்கிற அண்ணனிடம் இந்த நேரத்துக்குத்தான் பேசுவார். பேசுவது அண்ணன், இவர் கேட்டுக்கொள்வார். “ம்… ம்…” கதவு வழியாக அது வந்தது. அமலோற்பவம் டம்ளரைக் கீழே வைத்தாள். மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தது இங்கேயே, இந்தக் கதவோரத்திலேயே நின்றிருக்கிறது.

கொழும்பில் ஒரு பெட்டி நிற்கிறது. ஆம்பூரிலிருந்து போன செருப்பு, குழந்தைகள் செருப்பு. சீல் எண்ணில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்று அடித்திருக்கிறது, இவள் பார்த்து, சரி என்று அனுப்பியிருக்கிறாள். எப்படி விட்டேன், கண் எங்கே போயிற்று என்று மூன்று நாளாகக் குடைந்துகொண்டிருந்தாள். கண் எங்கும் போகவில்லை. அன்றைக்கும் இதே நேரம்தான், வாசித்துவிட்டு நிறுத்தினாள். இப்போதெல்லாம் ஒரு கண் அந்தக் காகிதத்தில், ஒரு கண் இந்தப் பட்டியலில், வாயும் தானே கண்ணும் தானே. இருந்தாலும் வரி முடிந்ததும் நிறுத்துகிற பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த நிறுத்தத்தில்தான் திரும்பப் பார்ப்பாள். அன்றைக்கு அந்த வரியில் நிறுத்தியபோது முன்னறையிலிருந்து ‘ம்’ வந்தது. மதுராந்தகத்துக்குச் சொன்ன ‘ம்’. பதினான்கு வருஷத்துக் காது, யாருடையது என்று பார்க்காமல் வாங்கிக்கொண்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஆண்டவரே, இதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள். ஜெயக்குமரனிடம் என்ன என்று விளக்குவது? எங்கள் வீட்டுக்காரர் அவர் அண்ணனுக்கு ‘ம்’ சொன்னார், அதனால் கொழும்பில் பெட்டி நின்றுவிட்டது என்றா? பாவம், அந்த மனுஷருக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம். கொழும்பு வெயிலில் அந்தப் பெட்டி. உள்ளே இருட்டில் ஜோடி ஜோடியாக, ஒரு அடிகூட நடக்காத செருப்புகள்.

முடியும் சார். போன ஆகஸ்டில் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை, வீடியோவில், இவள் ஒரு கட்டத்தில், ஜெயக்குமரன் ஒரு கட்டத்தில். ரெண்டு பேர் எதுக்குன்னு மேல கேக்கறாங்க மேடம், இப்பதான் எல்லாம் ஸ்கிரீன்லயே பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாமே, உங்களால தனியா முடியுமா? ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. இரண்டு பேர் இல்லையென்றால் ஒருத்தர், அந்த ஒருத்தர் யார் என்றுதான் கேட்கிறான் என்று தெரியாத அளவுக்கு அவள் குழந்தையா? முடியும் சார் என்றாள். சொல்லும்போது குரல் எவ்வளவு பணிவாக இருந்தது, அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. அடுத்த வாரம் சாரங்கபாணி சாரின் பெயர் குழுவிலிருந்து போய்விட்டது. “சாரங்கபாணி வெளியேறினார்” என்று போனில் ஒரு வரி. அவராகவே எழுந்து போன மாதிரி. அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கூப்பிடலாம் என்று வைத்தாள், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடலாம், பொங்கலுக்குக் கூப்பிடலாம். கிறிஸ்துமஸுக்கு அவரே வாழ்த்து அனுப்பினார், பூங்கொத்துப் படம் போட்டு. அந்தப் பூவை நாலு நாள் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. அவருக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பூங்கொத்து அனுப்பினார் என்றால் அது இன்னும் கஷ்டம்.

மணி பன்னிரண்டு ஐந்து. இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. இருபத்தைந்து நிமிஷம் என்றால் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, தெருவுக்குப் போய்விடலாம், நடுவில் நின்று வேடிக்கைகூடப் பார்க்கலாம். போனாள். உட்கார்ந்த இடத்திலேயே போனாள். பர்மா பஜாரில் கடைக்காரர் எல்லாரையும் அக்கா என்று கூப்பிட்டு அழைக்கிறார், பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடையில் இன்னும் அடுப்பு மூட்டவில்லை, வெங்காயம் மட்டும் மலையாக நறுக்கி வைத்திருக்கிறது. ஐகோர்ட் பக்கமிருந்து கறுப்புக் கோட்டுகள் கூட்டமாக வந்து பஜ்ஜிக் கடையில் வழக்காடுகின்றன. செவ்வாய்க்கிழமை ஆயிற்றே, அரண்மனைக்காரத் தெருவில் அந்தோணியார் கோவிலுக்குக் கூட்டம், மெழுகுவர்த்தியும் உப்பும் மிளகும் விற்கிற பெண்கள், அவளும் செவ்வாய் தவறாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் ஒரு திரி ஏற்றிவிட்டு ஓடிவருவாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர். அலுவலகம் காணாமல் போனால் அவரிடம் கேட்கலாமா, அதற்கு எத்தனை திரி? மீன்பாடி வண்டிக்காரர் “ஓரம் ஓரம்” என்று முதுகுக்குப் பின்னால் வருகிறார், ஒதுங்கினால் ஜெராக்ஸ் கடையின் சூடு முழங்கையில் படுகிறது, காளிகாம்பாள் கோவில் மணி, துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் தன் பாட்டுக்கு முழங்குகிறது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அந்த ஒரு ‘ம்’ தெளிவாகக் கேட்கும், எப்படித்தான் கேட்டதோ. படிக்கட்டு ஏறினாள். இரண்டாம் மாடி. கதவு திறந்திருக்கிறது, ஆள் இல்லை, மேஜை இல்லை, மேஜைக் கால் பதிந்த நாலு குழி மட்டும் தரையில். இதற்குமேல் உள்ளே போக முடியவில்லை. பயமாக இருந்தது. இடத்தைக் காலி செய்தது கம்பெனி, அவருடைய நாற்காலியைக் காலி செய்தது இவள். இத்தனை நாளாகத் தெருவை நினைத்து ஏங்குகிறேன், டீயை நினைத்து ஏங்குகிறேன் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, எதிர் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள்.

போன் அடித்தது. பன்னிரண்டரை. சொன்னால் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவான், அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

“சொல்லுங்க மேடம். தனியா முடியுமா?”

“முடியாது சார்.”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. “அஞ்சு மாசமா நீங்கதானே மேடம் பண்ணிட்டிருக்கீங்க?”

“பண்ற மாதிரி இருந்தேன் சார். ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் பாக்கணும். ரெண்டையும் ஒரே ஆள் பண்ணா அது செக்கிங் இல்ல, ஜெபமாலை சொல்றது. ஆகஸ்ட்ல முடியும்னு சொன்னது தப்பு. எனக்கு அப்பவே தெரியும்.”

“யாரையாவது மனசுல வச்சிருக்கீங்களா?”

“சாரங்கபாணி சார்.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம். “மேல கேட்டுப் பாக்கறேன். ஆனா மேடம், வெளியில குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா, உங்களுக்கும்…”

“தெரியும் சார்.”

வைத்துவிட்டான். முன்னறையில் அண்ணனின் பேச்சு இன்னும் முடியவில்லை. போன் இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே வைப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டும், வைத்துவிட்டால் புத்தி வந்துவிடும், புத்தி வந்தால் பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று சொல்லும். பொங்கலும் போன வாரத்தோடு முடிந்துவிட்டது. பெயரைத் தேடி அழுத்தினாள். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை, வேலையும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. மூன்றாவது மணியில் எடுத்தார்.

“சொல்லுங்க மேடம்.”

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி. அவருக்குப் பின்னால் ஒரே இரைச்சல், யாரோ “ஓரம் ஓரம்” என்று கத்தினார்கள், கிளாஸ்கள் இடித்துக்கொண்டன. அமலோற்பவம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எங்க சார் இருக்கீங்க?”

“இங்கதான், நம்ம தெருவுல. டீ குடிக்க வந்தேன்.”

“உங்க தண்டையார்பேட்டைல டீ இல்லியா சார்?”

“இருக்கு மேடம்.” கொஞ்சம் கழித்து மறுபடியும், “இருக்கு” என்றார்.

“நம்ம ஜன்னல் எப்படி இருக்கு?”

“பச்சை பெயின்ட் அடிச்சிட்டாங்க. பல் டாக்டர் யாரோ வராராம், போர்டு வச்சிருக்கு.”

“புறா?”

“புறா இருக்கு.”

ஐந்து மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. கண் திரையில் இருந்தது, முப்பத்தெட்டு வரி, இவள் வாசித்து நிறுத்திய முதல் வரி அப்படியே நின்றது.

“சார், ஒரு லிஸ்ட் இருக்கு. வாசிக்கட்டுமா?”

“கையில பேப்பர் இல்லியே மேடம்.”

“பரவால்ல சார்.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, எங்கேயோ ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். “வாசிங்க.”

“ரெண்டு ஏழு நாலு, ஒண்ணு ஒண்ணு ஆறு, அஞ்சு.”

“ம்.”

“சீல், நாலு நாலு ஒன்பது, சைபர் எட்டு ரெண்டு.”

“ம்.”

“ஆறு சைபர் மூணு, ஏழு ஏழு ஒண்ணு, ரெண்டு.”

“ம்.”

“சீல், நாலு நாலு ஒன்பது, சைபர் எட்டு மூணு.”

“ம்.”

அதே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், அடுத்த வரியை வாசிக்கிற மாதிரியே சொன்னாள். “ஆகஸ்ட்ல தனியா முடியுமான்னு கேட்டாங்க. முடியும்னு சொன்னேன்.”

ஒன்றும் வரவில்லை. ஒரு வண்டி போயிற்று. கோவில் மணி இரண்டு தட்டு தட்டி நின்றது. அவர் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இங்கிருந்தே தெரிந்தது. சார் பேசாமல் இருந்தால் திரும்ப வாசிக்க வேண்டும். அமலோற்பவம் திரும்ப வாசித்தாள்.

“உங்க வேலை போயிடும்னு தெரிஞ்சுதான் சார் சொன்னேன்.”

ஒரு வாய் டீ குடிக்கிற சத்தம் கேட்டது.

“ம்” என்றார் சாரங்கபாணி சார். “அடுத்தது வாசிங்க மேடம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது பெட்டிக்குப் போனாள்.